எங்க வீட்டு உப்பு ஜாடி: 40 கிராம்ல இருந்து 26 வரைக்கும்

அப்பாக்கு 67 வயசு. ஆறு வருஷமா பிபி மாத்திரை போடுறாங்க, அம்லோடிபின் 5, காலைல ஒண்ணு. இந்த ஜனவரி ஆரம்பத்துல செக்கப் போனப்ப 158/94 காட்டுச்சு. ரெண்டாவது மாத்திரை எழுத பேனாவ எடுத்த டாக்டர் கொஞ்சம் யோசிச்சிட்டு, "ரெண்டு மாசம் டைம் தாரேன், உப்பை குறைங்க, அப்பவும் எறங்கலன்னா பாப்போம்"னு சொல்லி அனுப்பிட்டாரு. உப்பை குறைங்க. அவ்ளோதான். எதுல, எவ்ளோ, யாரு குறைக்கணும், ஒண்ணும் கிடையாது. வெளில முப்பது பேரு டோக்கன் வாங்கி உக்காந்திருக்கும்போது அவரும் என்னதான் பண்ணுவாரு.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே அம்மா நார்த்தங்கா ஊறுகா பாட்டில தூக்கி அட்டத்துல வச்சிட்டாங்க. அதோட உப்பு குறைச்சாச்சு, கணக்கு முடிஞ்சுது. அப்பா ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டே சாப்பிட்டாங்க. நான் அப்ப வொர்க் ஃப்ரம் ஹோம்ல தூத்துக்குடில வீட்லதான் இருந்தேன், ஒரு நாள் பூரா சமையல்கட்டு பக்கத்துலயே லேப்டாப்ப வச்சிட்டு உக்காந்து பாத்தப்பதான் தோணுச்சு, ஊறுகால உப்பு அதிகம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அப்பா தொட்டுக்கிறது சுண்டுவிரல் நுனி அளவு, சோறு திங்கிறது மூணு தடவ வாங்கி. அந்தச் சோத்துல, அதுல ஊத்துற குழம்புல, அடுத்து ரசத்துல, தொட்டுக்கிற பொரியல்ல, கடைசியா மோர்ல, ஒரே வாய்க்குள்ள போறதுக்கு அஞ்சு எடத்துல உப்பு விழுது. இத யாரும் கணக்குல சேக்கவே இல்ல.

சரி, எவ்ளோன்னு பாப்போம்னு ஆரம்பிச்சதுதான் இது. எழுதி வச்ச நோட்டு கைல இருக்கு, அதனால நம்பரோட சொல்றேன்.

முதல்ல எங்க வீட்டு உப்பு எங்க இருந்து வருதுன்னு சொல்லணும். அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தருக்கு ஊருக்கு வெளில உப்பளம் இருக்கு. அளத்துல வாரின கல்லுப்பு சாக்குப் பைல சும்மாவே வந்துரும். காசு குடுத்து வாங்காத பொருளுக்கு வீட்ல எவனும் கணக்கு வைக்க மாட்டான்ல, பீங்கான் ஜாடில கொறைய கொறைய சாக்குல இருந்து கொட்டிக்கிறது, எப்ப கொட்டுனோம்னு யாருக்கும் தெரியாது. இன்னொரு விஷயம், அந்த உப்புல அயோடின் கிடையாது. இந்தியால 2006ல இருந்து அயோடின் சேக்காத உப்ப சாப்பாட்டுக்குன்னு விக்கவே கூடாது, ஆனா சும்மா வர்றதுக்கு எந்த சட்டம். சாக்க அப்பவே கட்டி வச்சிட்டு (இப்ப அது மீன் கழுவ மட்டும்) கடைல இருந்து அயோடின் சேத்த கல்லுப்பு வாங்கிட்டு வந்தேன். தூளுப்பு வேணாம்னு முடிவு பண்ணதுக்கு காரணம் உண்டு, அதே ஸ்பூன்ல தூளுப்பு நெருக்கமா உக்காரும், எடை ஜாஸ்தி. கல்லுப்பு போட்டு பழகுன கை தூளுப்புக்கு மாறுனா குறைக்கிறேன்னு நெனச்சிக்கிட்டே கூட போட்டுரும்.

ஜனவரி 5ம் தேதி காலி ஜாடில சரியா 1 கிலோ. இருபத்தியோரு நாள் கழிச்சு தராசுல வச்சா மிச்சம் 160 கிராம். 840 கிராம் போயிருக்கு, ஒரு நாளைக்கு 40. வீட்ல அப்பா, அம்மா, ஆச்சி, நான், நாலு பேரு. ஆளுக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ, சோடியம் கணக்குல 2000 மில்லிகிராம். நாங்க ரெண்டு மடங்கு.

இந்தக் கணக்குல ஓட்டை இருக்கு, நானே சொல்லிர்றேன். சோறு வடிக்கிற தண்ணியோட கொஞ்சம் உப்பு போயிரும், காலிஃப்ளவர போட்டு எடுக்கிற சுடுதண்ணில கொஞ்சம் போகும், மிச்சமான குழம்ப கீழ ஊத்துவோம். அந்தப் பக்கம் பாத்தா அப்பளம், கருவாடு, பிஸ்கட், கடைப் பலகாரம், பிரெட் எதுவும் ஜாடிக்குள்ள வராது. அப்பளத்துல உப்பு மட்டுமில்லாம அப்பளக்காரம் வேற இருக்கு, அதுவும் சோடியம்தான், ஆப்ப சோடாவும் அப்டித்தான். கூட்டிக் கழிச்சா ரெண்டும் சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் ஒப்பிட ஜாடி போதும். 24 மணி நேர சிறுநீர புடிச்சு லேப்ல குடுத்தாதான் உண்மையான அளவு தெரியும், அத அப்பாட்ட சொன்னேன், "வேற வேல இல்லயாம்மா உனக்கு"ன்னாங்க.

அடுத்தது அம்மா கை. இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. குழம்புக்கு உப்பு போடும்போது நேரா சட்டில போடாம ஒரு சாஸர்ல போடச் சொல்லி, அத நிறுத்துட்டு அப்புறம் சட்டில கொட்டுனேன். "என்னட்டி இது, தங்கமா நிறுக்கிற"ன்னு திட்டிக்கிட்டேதான் போட்டாங்க. அஞ்சு நாள் பாத்தேன்: 11, 10, 11, 11, 12. பாக்காம, பேசிக்கிட்டே, போன காதுல வச்சிக்கிட்டே போடுற கை அது. நாப்பது வருஷப் பழக்கம் ஒரு கிராமுக்கு மேல தப்ப மாட்டேங்குது. அப்பதான் புரிஞ்சுது அம்மாட்ட "கொஞ்சம் கம்மியா போடும்மா"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லன்னு. அவங்க கம்மியா போடுறதாதான் நெனப்பாங்க, கை 11தான் போடும்.

ஒரு சாதாரண நாள பிரிச்சுப் பாத்தா இப்டி வந்துச்சு. சோறு வடிக்கையில தண்ணில 6, குழம்பு 11, ரசம் 7, பொரியல் 4, மோர் 3, காலைலயும் ராத்திரியும் இட்லி தோசைன்னா மாவுல இருந்து 5, சட்னி 3. மொத்தம் 39. ஜாடி சொன்னதும் இதத்தான்.

எங்க பக்கம் நெறய வீட்ல சோத்துல உப்பு போடுற பழக்கம் உண்டு, மத்த ஊர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க. முதல் வெட்டு அங்கதான். பிப்ரவரி 1ல இருந்து சோத்துக்கு உப்பு கிடையாதுன்னு எனக்கும் அம்மாக்கும் மட்டும் பேச்சு, அப்பாக்கு சொல்லல. மூணு நாள் ஒரு சத்தமும் இல்ல, நாலாவது நாள் ஆச்சி மட்டும் "சோறு என்னமோ பச்சையா இருக்கு"ன்னாங்க. அப்பா நிமிந்துகூட பாக்கல. ஆறு கிராம் ஒரே அடில போச்சு.

மிச்சத்துக்குத்தான் கிண்ணம். எவர்சில்வர் கிண்ணம் ஒண்ணு, காலைல அன்னைக்கு வேண்டிய மொத்த உப்பையும் அதுல நிறுத்து வச்சிர்றது. எல்லா சமையலுக்கும் அதுல இருந்துதான், மாவாட்டுற அன்னைக்கு மாவுக்கும் அதுல பங்கு. காலி ஆனா அன்னைக்கு அவ்ளோதான். முதல் வாரம் 34, அடுத்தது 32, அப்புறம் 30, இப்டி வாரம் ரெண்டு கிராம். எப்டி பங்கு போடுறதுங்கிறத அம்மா கைலயே விட்டுட்டேன், அதுதான் நான் செஞ்சதுலயே புத்திசாலித்தனமான காரியம்னு இப்ப தோணுது. நான் ஸ்பூன் கணக்கு சொன்னப்பல்லாம் சண்ட வந்துச்சு, சமையல் அவங்களோடது, அதுல வந்து நான் ஏன் கைய விடணும். கிண்ணத்த குடுத்துட்டு ஒதுங்குன ஒடனே அது அவங்களுக்கு ஒரு வெளையாட்டு மாதிரி ஆயிருச்சு, சாயங்காலம் "பாத்தியா, நாலு கல்லு மிச்சம்"னு காட்டுவாங்க.

எனக்குத் தெரியாத சங்கதியெல்லாம் அம்மாவே கண்டுபுடிச்சாங்க. புளி கூடுனா உப்பு கேக்கும், அதனால புளிய எலுமிச்சங்கா அளவுல இருந்து நெல்லிக்கா அளவுக்கு கொண்டு வந்தாங்க, குழம்பு 9 கிராம்ல நின்னுச்சு. புளிய அப்டியே விட்டுட்டு உப்ப மட்டும் குறைச்ச அன்னைக்கு குழம்பு வாய்ல வைக்க வெளங்கல, நாக்கு கூசுது. கீரைக்கு பச்சையா இருக்கும்போது பாத்து உப்பு போடக்கூடாது, வெந்து சுண்டுனப்புறம்தான். பொரியலுக்கு எறக்குற நேரத்துல போட்டா கம்மியா போட்டாலும் நாக்குல மொதல்ல அதுதான் தெரியும். மோருக்கு இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பில தட்டிப் போட்டு உப்ப 1 கிராமுக்கு எறக்கியாச்சு. ரசத்துல மட்டும் கை வைக்க முடியல, 7ல இருந்து 6, அதுக்கு கீழ போனா அது மொளகுத் தண்ணி. சரி அது அப்டியே இருக்கட்டும்னு விட்டாச்சு.

அப்பா கண்டுபுடிச்சது மூணாவது வாரம். "ஏளா, ரசத்துல உப்பு போட்டியா இல்லயா?" அம்மா என்னைய பாத்தாங்க, நான் தட்ட பாத்தேன். அன்னைக்குத்தான் உண்மைய சொன்னோம். கோவப்படுவாங்கன்னு நெனச்சேன், கோவம் உப்புக்கு இல்ல, சொல்லாம செஞ்சதுக்கு. ஒரு நாள் பூரா பேசல. இதுல நான் பண்ணது தப்புதான். பெரிய மனுசனோட தட்டுல அவருக்குத் தெரியாம கை வைக்கிறது நல்லாவா இருக்கு? ஆனா முன்னாடியே சொல்லியிருந்தா முதல் நாள்லயே சப்புன்னு இருக்குன்னு எந்திரிச்சிருப்பாங்க, அதுவும் தெரியும். நாக்கு பழக சில வாரத்துல இருந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ஆகும். அதனாலதான் வாரம் ரெண்டு கிராம்.

இங்கிலாந்துல இதையே நாட்டளவுல செஞ்சாங்க. அங்க சாப்பாட்டு உப்புல பெரும் பங்கு பிரெட், சூப், சாஸ், கறி ஐட்டம்னு கம்பெனிகிட்ட இருந்து வர்றது, அதனால கம்பெனிகளுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கு வச்சு பல வருஷமா படிப்படியா குறைக்க வச்சாங்க, 2001ல ஆளுக்கு சராசரி 9.5 கிராம் இருந்தது 2011ல 8.1 ஆச்சு. தின்னவங்க பாதி பேருக்கு மேல கவனிச்சிருக்கவே மாட்டாங்க. நம்ம ஊர்ல பாக்கெட் அயிட்டத்த நிறுத்துங்க நிறுத்துங்கன்னு ரீல்ஸ் போடுறவங்க பாதி அந்த ஊரு அட்வைஸத்தான் ஒப்பிக்கிறாங்க. நூடுல்ஸ் பாக்கெட்டு நல்லதுன்னு நான் சொல்லல, ஆனா நம்ம வீடுகள்ல உப்புல பெரும்பங்கு அடுப்பங்கரைலதான் விழுது, அத விட்டுட்டு சிப்ஸ் பாக்கெட்ட திட்டி என்ன பிரயோஜனம்.

ன்னு நான் பெருசா பேசிக்கிட்டு இருந்தேனா, பிப்ரவரி கடைசில மூக்கு ஒடைஞ்சுது. ஜாடி கணக்குல 30க்கு வந்துட்டோம், பிபி அசையவே இல்ல. வீட்ல மெஷின் இருக்கு, காலைல பாத்ரூம் போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, முதுகு சாஞ்சு, கைய நெஞ்சு ஒசரத்துல மேஜைல வச்சு, ரெண்டு தடவ எடுத்து சராசரி. ஜனவரில ஏழு நாள் சராசரி 152/90. பிப்ரவரி கடைசி ஏழு நாள் 149/88. என்னடா இதுன்னு யோசிச்சிட்டு இருக்கையில ஸ்கூட்டர் டிக்கில ஆர்சி புக் தேடுனா உள்ள காராசேவு பொட்டலம். சாத்தூர் காராசேவு, கால் கிலோ, பாதி காலி. வீட்டுச் சோத்துல ருசி கொறைய கொறைய அப்பா சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போறது கூடியிருக்கு, ஒரு வடை ரெண்டு வடையாகி, அப்புறம் இந்தப் பொட்டலம். வீட்ல எடுத்த உப்ப வெளில போய் சேத்துக்கிட்டாங்க. ஜாடி பொய் சொல்லல, ஆனா ஜாடிக்கு டிக்கி தெரியாதுல்ல.

அதுக்கப்புறம் அப்பாட்ட நேரா பேசி ஒரு ஒப்பந்தம். வாரத்துல ஒரு நாள் வடை, ஞாயித்துக்கெழம கருவாடு உண்டு, ஆனா சுடுதண்ணில ரெண்டு தடவ ஊறப்போட்டு அந்தத் தண்ணிய கொட்டிட்டு, அந்தக் குழம்புக்கு தனியா உப்பு கிடையாது. ஊற வச்சா கொஞ்சம்தான் போகும், முழுசா போகாது, தெரிஞ்சே விட்டது. காராசேவு கிடையாது. பதிலுக்கு அட்டத்துல இருந்த நார்த்தங்கா கீழ எறங்குச்சு, சின்னத் துண்டு ஒண்ணு, மோர்ச்சோத்துக்கு மட்டும். அப்பா மூஞ்சில அப்ப ஒரு சந்தோசம் பாக்கணுமே.

டாக்டர்ட்ட போனப்ப 149/88ஐ காட்டுனோம். அவரு நோட்டப் பாத்துட்டு நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கன்னுட்டு, ஆனாலும் டெல்மிசார்ட்டன் 40 சேத்தாரு. எனக்கு கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு, அப்புறம் படிச்சுப் பாத்தா ஏமாற ஒண்ணுமில்ல. 2001ல வந்த டாஷ் சோடியம்ங்கிற அமெரிக்க ஆய்வுல 412 பேருக்கு மூணு அளவு உப்புல ஒவ்வொண்ணும் முப்பது நாள் சாப்பாடு குடுத்துப் பாத்தாங்க. சாதாரண அமெரிக்க சாப்பாட்டுல அந்த மூணுல அதிக அளவுக்கும் குறைஞ்ச அளவுக்கும் நடுவுல மேல் பிபி வித்தியாசம் சராசரி 6.7. நாங்க அந்த அளவுக்கு குறைக்கவும் இல்ல, நடுவுல காராசேவு வேற. மூணு பாயிண்ட் எறங்குனதே மரியாதையான எறக்கம்தான், அதுகூட மெஷின் ஆட்டத்துக்குள்ள அடங்குற நம்பர். உப்ப நிறுத்துனா மாத்திரையத் தூக்கிப் போடலாம்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

மார்ச்ல அண்ணன் பெங்களூர்ல இருந்து ரெண்டு பாக்கெட் சோடியம் குறைச்ச உப்பு அனுப்பிட்டான். "இதப் போட்டா குறைக்கவே வேணாம், சீனால ஆராய்ச்சி பண்ணிருக்கான்"னு வாய்ஸ் மெசேஜ். ஆராய்ச்சி உண்மைதான், நல்ல ஆராய்ச்சி. 600 கிராமம், 20,995 பேரு, ஏற்கனவே பக்கவாதம் வந்தவங்க இல்லன்னா 60 தாண்டி பிபி இருக்கிறவங்க, பாதி கிராமங்களுக்கு முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்து குடுத்தாங்க, அஞ்சு வருஷத்துக்கு கொஞ்சம் கம்மியா தொடந்து பாத்ததுல பக்கவாதம் 14 சதவீதம் கம்மி, சாவும் 12 சதவீதம் கம்மி, 2021ல வெளியாச்சு. அங்கயும் நம்மள மாதிரி வீட்டுச் சமையல் உப்புதான் பிரதானம், அதனாலதான் ஜாடிய மாத்துனதே வேல செஞ்சிருக்கு. ஆனா அதுல கிட்னி ரொம்ப கெட்டவங்களயும் பொட்டாசியத்த ஒடம்புலயே நிறுத்துற மாத்திரை சாப்பிடுறவங்களயும் சேக்கவே இல்லங்கிறத அண்ணன் படிக்கல. அப்பாக்கு கிரியாட்டினின் (கிட்னி எப்டி வேல செய்யுதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட்) 1.4, கொஞ்சம் அதிகம், போதாக்குறைக்கு இப்ப டெல்மிசார்ட்டன், அதுவும் பொட்டாசியத்த கொஞ்சம் ஏத்துற மாத்திரை. பொட்டாசியம் ரொம்ப ஏறுனா இதயத் துடிப்பே கோளாறாகும். டாக்டருக்கு போன் பண்ணி கேட்டோம், வேணாம்னுட்டாரு. கிட்னி நல்லா இருக்கிற அண்ணனுக்கு அது ஓகேவா இருக்கலாம், அவனுக்கே திருப்பி அனுப்பிட்டோம், அவனும் டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லி.

பக்கத்து வீட்டு அத்தை இந்துப்புக்கு மாறச் சொன்னாங்க. கலரு ரோஸா இருக்கு, வெல ஜாஸ்தி, உள்ள கிட்டத்தட்ட எல்லாம் அதே சோடியம் குளோரைடு. இதுக்கு மேல அதப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

ஆச்சி கதை வேற. 84 வயசு. போன வருஷம் நீர் பிரியுற மாத்திரை ஒண்ணு சாப்பிட்டுட்டு இருந்தப்ப ரத்தத்துல சோடியம் கொறைஞ்சு, ரெண்டு நாள் தூங்கி வழிஞ்சு, என்னைய யாருன்னே தெரியாம பேசி, ஆஸ்பத்திரில வச்சு சரி பண்ணோம். அதனால ஆச்சிக்கு மட்டும் இந்தக் குறைக்கிற வேல கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரே சட்டில சமைக்கிற வீட்ல இதுக்கு என்ன பண்றது? ஆச்சி தட்டுப் பக்கத்துல ஒரு சின்ன டப்பால உப்பு, வேணும்ங்கிற அளவுக்கு அவங்களே போட்டுக்குவாங்க, அப்பா அத பாக்குற பார்வை இருக்கே. "உப்பில்லா பண்டம் குப்பையிலே"ன்னு ஆச்சி வேணும்னே சத்தமா சொல்லுவாங்க.

மார்ச் 12ல கிண்ணம் 26க்கு வந்துச்சு. ஆளுக்கு 6.5. அஞ்சுக்கு இன்னும் போகல, போக முடியும்னு எனக்குத் தோணல, ரசம் விடாது. ஏப்ரல் நடுவுல ஏழு நாள் சராசரி 134/82. இதுல டெல்மிசார்ட்டன் பங்கு எவ்ளோ, உப்பு பங்கு எவ்ளோ, டிக்கி காலியானது எவ்ளோன்னு கேட்டா பிரிச்சு சொல்ல வழியே இல்ல. மாத்திரைதான் பெரும்பங்குன்னு நெனைக்கிறேன். அம்மா ஒத்துக்க மாட்டாங்க, அவங்களுக்கு அது முழுக்க கிண்ணத்தோட வெற்றி. அப்பா கால் வீக்கம் சாயங்காலத்துல கொஞ்சம் கொறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. அம்லோடிபினுக்கே கால் வீங்கும், அதனால அதுக்கும் காரணம் எதுன்னு சொல்லத் தெரியல.

இந்த வாரம் ஜாடிய நிறுத்தா ஒரு நாளைக்கு 61 கிராம் போயிருக்கு. பதறிப் போய் கேட்டா, மாங்கா சீசன், ரெண்டு கிலோ கிளிமூக்கு மாங்காய வெட்டி உப்புல போட்டு வெயில்ல வச்சிருக்காங்க, மொட்டமாடில ஆறு பாட்டில் வரிசையா நிக்குது. "அது வருசம் பூராத்துக்குமட்டி, அத எப்டி இந்த வாரத்துல எழுதுவ"ன்னு அம்மா. அண்ணனுக்கு ரெண்டு பாட்டில், சித்திக்கு ஒண்ணுன்னு போக வீட்டுக்கு எத்தன நிக்கும்னு அவங்களுக்கே தெரியாது. நோட்டுல இப்போதைக்கு பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்.